உங்களுக்குத் தெரியுமா? கீரைக்கு எத்தனை வேளை தண்ணீர், எத்தனை பிடி எரு!

மயிலாப்பூர் மாடவீதியில் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுகிறீர்கள், சரி. அந்தக் கட்டுக்குள் எத்தனை சமாச்சாரம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? தி.நகர் மொட்டைமாடிக்கும் அடையாறு பால்கனிக்கும் பொருந்துகிற மாதிரி தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் சும்மா அதிரும்!

தண்ணீர் காட்டும் வித்தை

முளைக்கீரை 100 கிராம் வாங்கினால் அதில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான்! முருங்கைக்கீரை கொஞ்சம் கெட்டிக்காரி. அதில் தண்ணீர் 80 கிராமைத் தொடாது!

வேர் உறிஞ்சும் தண்ணீரில் 97 சதவீதத்துக்கு மேல் இலை வழியாக ஆவியாகப் பறந்துவிடும். செடி தனக்கென்று வைத்துக்கொள்வது 3 சதவீதம்கூட இல்லை!

வயலில் கீரைக்கு என்ன கணக்கு? விதைத்ததும் ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அப்புறம் வாரம் ஒரு தண்ணீர். அவ்வளவுதான்! அதே கீரை உங்கள் மாடியில் வளர்ப்புப் பையில் இருந்தால்? கத்திரி வெயிலில் தினமும் ஊற்ற வேண்டும். சில நாள் ஒரு நாளைக்கு 2 வேளை!

தண்ணீர் கூடினாலும் கீரை சாகும். தாகத்தால் அல்ல, மூச்சு முட்டி! மண்ணில் காற்று நிற்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் வேருக்கு ஆக்ஸிஜன் வந்து சேரும் வேகம் குறைந்துவிடும். எவ்வளவு குறையும்? 10,000 மடங்கு!

ஊற்றலாமா வேண்டாமா? ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். நுனியில் ஈரமண் ஒட்டி வந்தால் இன்றைக்குத் தண்ணீருக்கு லீவு. பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஊற்றுங்கள். கருவியின் விலை 0 ரூபாய்!

கீரையைக் கொஞ்சம் தாகத்தில் தவிக்கவிட்டுப் பார்த்தார்கள் வங்கதேச, ஜப்பான் ஆய்வாளர்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. தண்டுக்கீரை இனத்தில் வைட்டமின் சி கூடியது. புரதம் கூடியது. சிவப்பு நிறமியும் கூடியது!

உடனே பூவாளியைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள்! அதே தாகத்தில் இலை சிறுத்துப்போகும். தண்டு நார் பாயும். செடி அவசர அவசரமாகப் பூத்து விதை கட்டிவிடும். சத்து கூடும், கட்டு மெலியும்!

உச்சி வெயிலில் இலையில் தண்ணீர் பட்டால் துளி பூதக்கண்ணாடி ஆகி இலையைக் கருக்கிவிடும் என்பார்கள். ஹங்கேரி விஞ்ஞானிகள் 2010-இல் அதையும் சோதித்துவிட்டார்கள். வழவழப்பான இலை கருகவே இல்லை! ரோமம் அடர்ந்த இலையில் மட்டும்தான் கொஞ்சம் வாய்ப்பு!

அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை நான்கும் ஒரே பேரினம்! அமராந்தஸ் குடும்பத்துப் பிள்ளைகள். இவை வெயிலுக்கென்றே பிறந்தவை. ஒளிச்சேர்க்கையில் ‘சி4’ என்ற சிக்கன வழியைப் பிடித்தவை. மற்ற பல செடிகள் செலவழிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ பாதியில் காரியத்தை முடித்துவிடும்! பூக்கும் தாவரங்களில் இந்த வித்தை தெரிந்தவை சுமார் 3 சதவீதம்தான்!

பருப்புக்கீரை அதற்கும் மேலே! தண்ணீர் இருக்கும்போது சி4 வழி. வறட்சி வந்தால் கள்ளிச்செடி மாதிரி இரவிலும் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும். ஒரே இலை, ஒரே செல், இரண்டு வித்தை! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் இதை 2022-இல் உறுதி செய்தார்கள்!

வறட்சியில் வளர்ந்த அதே பருப்புக்கீரையைக் காலையில் பறித்தால் புளிக்கும். மாலையில் பறித்தால் புளிப்பு இறங்கிவிடும்! இரவெல்லாம் சேர்த்துவைத்த மாலிக் அமிலம் பகலில் செலவாகிவிடுகிறது. ஒரே செடி, இரண்டு ருசி!

முளைத்த நாற்று மூன்றாம் நாளே தரையோடு சாய்கிறதா? நாற்றழுகல்! தண்ணீர் தேங்கியதால் வந்த வினை. காரணம் பித்தியம் என்ற கிருமி. பூஞ்சை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அது பூஞ்சையே இல்லை, கடலில் வளரும் பழுப்புப் பாசிக்கு உறவு!

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளமா? வெள்ளைத் துரு. அதுவும் பாசிக்குச் சொந்தக்காரன்தான்! இலை நனைந்தே கிடந்தால் குஷியாகிவிடும். பூவாளியைத் தலையில் கவிழ்க்காமல் வேர்ப்பக்கம் ஊற்றினால் பாதிச் சண்டை தீர்ந்தது!

மாடவீதிக் கீரைக்காரம்மா ஈரச் சாக்கைப் போர்த்திவைத்து அடிக்கடி தண்ணீர் தெளிக்கிறாரே, சும்மாவா? அறுத்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது. தண்ணீரை இழந்துகொண்டே இருக்கிறது. வேர் இல்லை, குடிக்க வழியில்லை! அந்தச் சாக்குதான் அதற்கு ஏசி!

ஏசி என்றதும் நினைவு வருகிறது. ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, கிட்டத்தட்ட வடித்தெடுத்த நீர்! சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஓடினால் வாளி நிரம்பும். கீரைத்தொட்டிக்கு அமிர்தம்!

ஆர்.ஓ. கழிவுநீர் மட்டும் வேண்டாம்! 1 லிட்டர் குடிநீர் கொடுக்க 3 லிட்டர் வரை வெளியே தள்ளும் இயந்திரங்கள் உண்டு. குடிநீரில் இருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான். தினமும் ஊற்றினால் தொட்டிமண் மெல்ல மெல்ல உவர்மண்!

வாயை மூடிய மண்பானையை மண்ணில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால் அது கசிந்து கசிந்து வேருக்கு ஊட்டும். பானைப் பாசனம்! சீனாவில் இதை எழுதி வைத்துவிட்டார்கள். எப்போது? 2,000 ஆண்டுகளுக்கு முன்பே!

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. உங்கள் மாடியில் வெறும் 100 சதுர அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் விழும் மழைநீர் எவ்வளவு? 13,000 லிட்டர்!

ஒரு கிலோ தானியம் விளைய உலக சராசரியில் 1,644 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு கிலோ காய்கறிக்கு? 322 லிட்டர் போதும்!

நம்ம ஏரியா ரகசியம்

தி.நகரில் தொட்டி வைத்திருக்கிறீர்களா? நீங்கள் ஏரிக்குள் குடியிருக்கிறீர்கள்! மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வற்றவைத்து 1923-இல் தொடங்கியதுதான் மாம்பலம் குடியிருப்புத் திட்டம். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. பார்க்கத்தான் லேக் இல்லை!

களிமண்ணில் ஒரு மணி நேரத்துக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீர்தான் இறங்கும். மணலில்? 30 மில்லிமீட்டருக்கு மேல்! பெசன்ட் நகர் மணலுக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், களிமண்ணுக்கு இடைவெளி விட்டு நிதானமாக. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. மக்கிய எரு! மணலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், களியில் காற்றுக்கு வழிவிடும்!

வெறும் கடற்கரை மணலில் கீரை விளையுமா? விளையும்! மும்பையில் ‘சமுத்திர மேத்தி’ என்று குட்டி வெந்தயக்கீரை விற்கிறார்கள். கடலோர மணலில் வளர்த்து, வேரோடு பிடுங்கி, கட்டாகக் கட்டி விற்பனை!

அடையாறு, திருவான்மியூர்க் கீரைகளில் சில கடலையே குடிக்கின்றன! நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் திறந்ததிலிருந்து தென்சென்னைக் குழாய்களில் அந்தத் தண்ணீரும் வருகிறது. அந்த ஆலையின் தினசரித் திறன் எவ்வளவு? 10 கோடி லிட்டர்!

சோழர் வெட்டிய வீராணம் ஏரியும் உங்கள் பூவாளிக்குள் இருக்கலாம்! 2004 முதல் அங்கிருந்து சென்னைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. பயண தூரம் சுமார் 235 கிலோமீட்டர்!

கோவை வேளாண் பல்கலைக்கழகம் எங்கே பிறந்தது? கோவையில் இல்லை, நம்ம சைதாப்பேட்டையில்! 1868-இல் இங்கே தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-இல் கோவைக்குக் குடிபெயர்ந்தது!

கதீட்ரல் சாலையில் தினமும் போகிறீர்களே, வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அது தொடங்கிய ஆண்டு 1835! இந்தியாவில் ரயிலே ஓடாத காலம்!

மயிலாப்பூர்க்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடும் வள்ளுவர், உழவைவிட எருவிடுவது நல்லது என்கிறார். தண்ணீர் பாய்ச்சுவதைவிடக் காவல் நல்லது என்கிறார். இரண்டும் ஒரே குறளில்! எண் 1038! மாடியில் அணிலை விரட்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள்!

அதற்கு முந்தைய குறள் இன்னும் அதிரடி! உழுத புழுதி ஒரு பலம் கால் பலமாகக் காயும்படி விட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாமாம். மண்ணைக் காயவிடுவதற்கும் கணக்கு! எடை கால்வாசி!

வேடந்தாங்கலில் பறவைகள்தான் உரக்கடை! எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் பயிர் கொழிக்கிறது என்று கண்ட ஊர்மக்கள், வேட்டைக்காரர்களை விரட்டி அடித்தார்கள். 1798-இலேயே செங்கல்பட்டு கலெக்டர் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்றுக்கொண்டார்! ஒரே வாய்க்காலில் தண்ணீரும் எருவும்!

எருவோ எரு!

மக்கிய தொழுவுரத்தில் நைட்ரஜன் சுமார் அரை சதவீதம். கடலைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 7 சதவீதம்! அதாவது ஒரு கிலோ பிண்ணாக்கு = 14 கிலோ எரு! மாடிப்படி ஏறுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்!

ஆனால் தொழுவுரம் செய்வதைப் பிண்ணாக்கு செய்யாது! மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவது, ஈரம் பிடிப்பது, நுண்ணுயிருக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் எருவின் வேலை. அதனால்தான் வயலில் கீரைக்கு அடியுரமாகப் போடும் எரு கிலோக் கணக்கில் இல்லை. ஹெக்டேருக்கு 25 டன்!

பச்சைச் சாணத்தைக் கீரைத்தொட்டியில் போடலாமா? கூடவே கூடாது! மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு, பச்சை எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை என்கிறது அமெரிக்க இயற்கை விவசாய விதி. நம்ம சிறுகீரை 25 நாளில் சட்டிக்கு வந்துவிடும். அந்த 120 நாளுக்குள் 4 போகம் முடிந்துவிடும்!

வேப்பம்பிண்ணாக்கு பூச்சியை மட்டும் விரட்டவில்லை. மண்ணில் நைட்ரஜன் கரைந்து ஓடும் வேகத்துக்கும் பிரேக் போடுகிறது! நாட்டில் தயாராகும் யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்ட ஆண்டு 2015!

தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் 8 மடங்கு வரை தண்ணீர் குடிக்கும்! ஆனால் அதில் செடிக்குச் சாப்பாடு கிட்டத்தட்டப் பூஜ்யம். கூடவே உப்பு வேறு! இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தபிறகே பையில் போடுங்கள்!

அந்த நார்க்கழிவையே உரமாக்கவும் வழி இருக்கிறது. யார் செய்கிறார்கள்? சிப்பிக்காளான்! கரிம, நைட்ரஜன் விகிதம் 112-க்கு 1 என்று இருந்ததை 24-க்கு 1 என்று இறக்கிவிடுகிறது!

நல்ல அளவுள்ள கம்போஸ்ட் குவியலின் நடுவில் சூடு எவ்வளவு? 55 முதல் 65 டிகிரி! டபராவில் ஆற்றிய ஃபில்டர் காபி அளவுக்குச் சூடு. அடுப்பே இல்லாமல்!

வீட்டுக் கம்போஸ்ட் தொட்டி நாறுகிறதா? காய்ந்த இலை போதவில்லை! நுண்ணுயிருக்குப் பிடித்த விகிதம் 30 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு நைட்ரஜன். தெருவில் கூட்டித் தள்ளும் சருகை ஒரு பை எடுத்து வாருங்கள். நாற்றம் போயே போச்சு!

ஃபில்டரில் மிஞ்சிய காபித்தூளை நேராகத் தொட்டியில் கொட்டுகிறீர்களா? நிறுத்துங்கள்! ஆஸ்திரேலியாவில் 2016-இல் வெளிவந்த ஆய்வில், மக்காத காபிச்சக்கை போட்ட காய்கறிச் செடிகள் குட்டையாகவே நின்றுவிட்டன. மக்கவிட்டுப் போடுங்கள். மயிலாப்பூரே மணக்கும்!

முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட்! உடைத்துப் போட்டால் தொட்டியில் அப்படியே கிடக்கும். மிக்ஸியில் மாவாக்கினால்தான் மண்ணுக்கு ஏதாவது கிடைக்கும்!

மண்புழு குளித்த தண்ணீரும் உரம்! புழுக்கள் வாழும் தொட்டி வழியே சொட்டுச் சொட்டாக நீர் இறங்கினால் அடியில் தேன்நிறத்தில் ஒரு திரவம் வடியும். அதுதான் வெர்மிவாஷ். இதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தவர் நம்ம சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில்!

நீங்கள் வாங்கும் மண்புழு உரத்தைத் தயாரித்தவர் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்! ஒன்று ஆப்பிரிக்கப் புழு, இன்னொன்று ஐரோப்பியப் புழு. நம்மூர் மண்ணுக்கு ‘லாம்பிட்டோ மொரிட்டி’ என்ற புழு இருக்கிறது. உரத்தொட்டியில் மட்டுமா, நிலத்தையே குடைந்து குடைந்து உழுதுபோடும்!

மண்புழுவைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார் சார்லஸ் டார்வின். ஆண்டு 1881. அவர் எடுத்துக்கொண்ட கணக்கில் ஒரு ஏக்கர் தோட்டமண்ணில் எத்தனை புழு? 53,000-க்கும் மேல்!

பஞ்சகவ்யம் எவ்வளவு தெளிப்பது? 3 சதவீதம் போதும். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி! இதைத் தமிழ்நாடெங்கும் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். கைவைத்தியம் மாடிக்கு வந்த கதை இல்லை, மருத்துவரே மாடிக்கு வந்த கதை!

அவசரக்காரர்களுக்கு அமிர்தக்கரைசல்! பசுஞ்சாணம், கோமியம், வெல்லம், தண்ணீர். கலக்கி மூடினால் தயாராக ஆகும் நேரம் 24 மணி!

நொச்சிக்குப்பம் மீன் அங்காடியில் கழித்துப் போடும் செதிலும் குடலும் பொன்! அதே எடைக்கு வெல்லம் சேர்த்து மூடிவையுங்கள். சில வாரத்தில் மீன் அமிலம் தயார். மீன்வாடை போய்ப் பழவாடை வீசும்!

புதுசு என்று நினைத்தீர்களா? மீனையும் மாமிசத்தையும் புளிக்கவைத்துச் செடிக்கு ஊற்றும் ‘குணபஜலம்’ சுரபாலர் எழுதிய விருட்சாயுர்வேதத்தில் இருக்கிறது. வயது சுமார் 1,000 ஆண்டு! அந்தப் பழைய வித்தைகளை வயலில் இறக்கிப் பார்த்திருக்கிறது கோட்டூர்புரத்தில் உள்ள சி.ஐ.கே.எஸ். என்ற இந்திய அறிவு மரபு மையம்!

எருவா, ரசாயன உரமா? கோவையில் ஒரு வயலில் இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தொடங்கிய ஆண்டு 1909! ஆரம்பித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஓய்வு பெற்றிருப்பார்கள்!

எரு போட்டு விளைந்த தானியத்தில் சத்து அதிகமா? குன்னூரில் இருந்த மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் இதே கேள்வியைக் கேட்டு, எருவின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எப்போது? 1926-இல்!

வெந்தயக்கீரையைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குட்டிக்குட்டி முடிச்சு தெரிகிறதா? நைட்ரஜன் தொழிற்சாலை! அகத்தியும் அதே ஜாதி. காற்றில் இருந்தே தனக்கு உரம் சமைத்துக்கொள்ளும். மின்கட்டணம் 0!

எரு அதிகமானாலும் வம்பு! தேவைக்கு மேல் நைட்ரஜன் போட்டு நிழலில் வளர்த்தால் இலையில் நைட்ரேட் சேர்ந்துவிடும். வெயில்தான் அதைக் கரைக்கும். அதனால் பறிக்க நல்ல நேரம் விடியற்காலை இல்லை, சாயங்காலம்!

கீரை இங்கேயும் உண்டு!

ஒரு கிராம் தண்டுக்கீரை விதையில் எத்தனை விதை? ஆயிரத்துக்கும் மேல்! அதனால்தான் மணல் கலந்து தூவுகிறார்கள். தனியாகத் தூவினால் ஒரே இடத்தில் திருவிழாக் கூட்டம்!

கொத்தமல்லி விதை ஒன்று என்று நினைத்து விதைக்கிறீர்கள். உள்ளே இருப்பது 2! லேசாகத் தேய்த்து உடைத்தால் ஒரு மல்லிக்கு இரண்டு செடி!

மாடித்தோட்டம் போட எவ்வளவு ஆகும்? 2021-இல் தோட்டக்கலைத் துறை 900 ரூபாய்த் தொகுப்பை மானியத்தில் கொடுத்தது. 6 பை, 6 வகை விதை, தென்னை நார்க்கட்டி, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து. எல்லாம் சேர்த்து 225 ரூபாய்!

டிசம்பரில் கீரை ஏன் சீக்கிரம் பூக்கிறது? பகல் குறுகிவிடுவதால்! தண்டுக்கீரை வகைகள் பலவற்றுக்குக் குறுகிய பகல்தான் பூக்கச் சொல்லும் மணி. சென்னையில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது!

விண்வெளியிலும் கீரைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது! பூவாளி அங்கே செல்லாது, தண்ணீர் மிதக்கும். சுட்ட களிமண் துகள் நிரப்பிய பைகளில் திரி வழியே வேருக்கு ஈரம் ஏற்றினார்கள். அப்படி வளர்த்த லெட்டூஸை விண்வெளி வீரர்கள் கடித்துச் சாப்பிட்ட நாள் 2015 ஆகஸ்ட் 10!

நம்ம இஸ்ரோ சும்மா இருக்குமா? 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய ராக்கெட்டில் 8 காராமணி விதைகள் போயின. எத்தனை நாளில் முளைத்தன? 4!

கடைசியாக ஒன்று. கோவையில் உருவான ‘கோ 3’ அரைக்கீரை. விதைத்து 20-ஆம் நாள் முதல் அறுப்பு. வேரை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளுங்கள். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு பிடி எரு, ஒரு பூவாளி தண்ணீர். மறுபடி துளிர்க்கும். மறுபடி அறுக்கலாம். ஒரே விதைப்பில் மொத்தம் 10 அறுப்பு!